லிங்கனின் மூத்த மகன் வாழ்ந்த வழியில்: ஸ்பிரிங்ஃபீல்டு முதல் ஆர்லிங்டன் வரை ஒன்பது நாள்

முதல் நாள்: ஸ்பிரிங்ஃபீல்டு, எட்டாம் தெருவும் ஜாக்சன் தெருவும் சேரும் மூலை

ஆபிரகாம் லிங்கனுக்கு நான்கு மகன்கள். எடி நான்கு வயது முடியும் முன்பே 1850-ல் போனான். வில்லி 1862-ல் வெள்ளை மாளிகையில் டைஃபாய்டில் இறந்தான், வயது 11. டேட் 1871-ல் சிகாகோவில், 18 வயதில். பெரியவராகி, தாத்தாவாகி, 82 வயது வரை இருந்தவர் மூத்தவர் ராபர்ட் டாட் லிங்கன் ஒருவர்தான். 1843 ஆகஸ்ட் 1-ல் பிறந்தவர். அவரைப் பற்றிப் பேசும்போது ‘தாயைப் பைத்தியக்கார விடுதியில் அடைத்த மகன்’ என்ற ஒரே வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த வரி பொய்யில்லை, ஆனால் போதாது. அவர் எதையெல்லாம் பூட்டி வைத்தார், எதையெல்லாம் நாட்டுக்குத் திறந்துவிட்டார் என்பதை இடம் இடமாகப் போய்ப் பார்த்தால்தான் ஆள் பிடிபடுகிறார்.

தொடக்கம் இந்த வீடுதான். திருமணத்தை நடத்திவைத்த பாதிரியார் சார்லஸ் டிரெஸ்ஸரிடமிருந்தே லிங்கன் இதை 1844-ல் வாங்கினார். ரொக்கம் 1,200 டாலர், மீதிக்கு ஒரு மனை. குடிவரும்போது ராபர்ட் ஒன்பது மாதக் கைக்குழந்தை. அப்போது இது ஒன்றரை மாடி வீடு. 1850-களின் நடுவில்தான் மேல்தளத்தை முழுதாக உயர்த்திக் கட்டினார்கள்.

வீட்டுக்கு நேராகப் போய்க் கதவைத் தட்டினால் உள்ளே விடமாட்டார்கள். முதலில் ஏழாம் தெருவிலுள்ள பார்வையாளர் மையத்துக்குப் போய் நேரம் குறித்த சீட்டு வாங்க வேண்டும். சீட்டுக்குக் காசில்லை, வண்டி நிறுத்தத்தான் கட்டணம். முதலில் வருபவருக்கு முதல் சீட்டு. வசந்த காலத்தில் பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வந்துவிடும். அதனால் திறக்கும் நேரத்திலேயே போய் நில்லுங்கள். ரேஞ்சர் ஒருவர் குழுவாக அழைத்துப் போவார், அரை மணிக்குள் முடிந்துவிடும். மாடிப்படியின் கைப்பிடி லிங்கன் காலத்து மரமே. வீட்டில் தொட அனுமதி உள்ள பழம்பொருள் அது மட்டும்தான், பிடித்தபடி ஏறுங்கள். மாடியில் பிள்ளைகளின் அறையைப் பார்க்கும்போது ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். லிங்கன் எட்டாம் நீதிமன்ற வட்டாரத்தில் ஊர் ஊராகப் போய் வழக்காடியவர். வசந்தத்தில் ஒரு சுற்று, இலையுதிர் காலத்தில் ஒரு சுற்று, ஒவ்வொன்றும் வாரக்கணக்கில் நீளும். அப்பாவைப் பற்றிய சின்ன வயது நினைவு என்ன என்று பிற்பாடு கேட்டபோது ராபர்ட் எழுதியது இதைத்தான்: பயணத்துக்காக அப்பா சேணப் பையில் துணிமணி அடுக்கிக்கொண்டிருந்த காட்சி.

இந்த வீட்டுக்குள் போக ஏன் காசு வாங்குவதில்லை? அதற்குக் காரணமும் ராபர்ட்தான். 1880-களில் இங்கே வாடகைக்கு இருந்த ஆஸ்பர்ன் ஓல்ட்ராய்டு லிங்கன் நினைவுப் பொருள்களைச் சேர்த்துக் கீழ்த்தளத்தைக் காட்சிக்கூடமாக்கினார், வாடகையோ பாக்கி விழுந்தது. 1887-ல் ராபர்ட் வீட்டை இல்லினாய் மாநிலத்துக்கே எழுதிக் கொடுத்தார். வைத்த நிபந்தனை இரண்டு: நன்றாகப் பராமரிக்க வேண்டும், பார்க்க வருபவரிடம் காசு வாங்கக் கூடாது. 1972 முதல் தேசியப் பூங்கா சேவை பார்த்துக்கொள்கிறது. நிபந்தனை இன்றும் நிற்கிறது.

இரண்டாம் நாள்: ஓக் ரிட்ஜ் கல்லறை

வீட்டிலிருந்து வடக்கே ஏறத்தாழ 2 மைல். நடப்பவர்கள் நடக்கலாம், வெயில் காலத்தில் வண்டியே நல்லது. இங்கும் கட்டணமில்லை. தூண் 117 அடி உயரம், 1874-ல் திறந்தார்கள். வாசலில் இருக்கும் வெண்கலத் தலையின் மூக்கைத் தடவித் தடவிப் பளபளப்பாக்கிவிட்டார்கள். உள்ளே வளைந்து போகும் நடை, அதன் கடைசியில் சிவப்புக் கல். அப்பா அந்தக் கல்லுக்குக் கீழே. எதிர்ச் சுவரில் அம்மா மேரி, எடி, வில்லி, டேட். மூத்தவர் அங்கே இல்லை.

பலர் அந்தச் சிவப்புக் கல்லுக்குள்ளேயே உடல் இருப்பதாக நினைத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அது அடையாளக் கல்தான். 1876 நவம்பர் 7 இரவு, கள்ளநோட்டுக் கும்பல் ஒன்று லிங்கனின் உடலைத் திருடி, அதைப் பணயமாக வைத்துச் சிறையிலிருக்கும் தங்கள் ஆளை மீட்கத் திட்டமிட்டது. பூட்டை அறுத்துப் பேழையைப் பாதி இழுத்தும்விட்டார்கள். உளவாளி ஒருவர் கும்பலுக்குள்ளேயே இருந்ததால் காரியம் கெட்டது. அதன்பின் பேழையை அடிக்கடி இடம் மாற்றி ஒளித்து வைக்க வேண்டியதாயிற்று. 1901-ல் ராபர்ட் ஒரு முடிவு எடுத்தார்: 10 அடி ஆழக் குழி, பேழையைச் சுற்றி எஃகுக் கூண்டு, அதன்மேல் காங்கிரீட். இந்த யோசனை அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதை நாளை சிகாகோவில் பார்க்கலாம்.

1901 செப்டம்பர் 26-ல் புதைக்கும் முன், உள்ளே இருப்பது அவர்தானா என்று உறுதி செய்யப் பேழையின் மேல்பகுதியை வெட்டித் திறந்தார்கள். ராபர்ட்டுக்கு அதில் விருப்பமில்லை. 23 பேர் பார்த்தார்கள். அவர்களில் 13 வயதுப் பையன் ஃபிளீட்வுட் லிண்ட்லி 1963 வரை உயிரோடிருந்தார். லிங்கன் முகத்தைப் பார்த்தவர்களில் கடைசி ஆள்.

மூன்றாம் நாள்: ரயிலில் சிகாகோ

ஆம்ட்ராக்கின் ‘லிங்கன் சர்வீஸ்’ 185 மைலை மூன்றரை மணி நேரத்துக்குள் கடக்கும். நாளைக்குப் பல வண்டிகள் உண்டு. முன்பதிவு எவ்வளவு முந்தினால் அவ்வளவு மலிவு.

ராபர்ட்டின் வாழ்க்கையில் ரயில் விடாமல் கூடவே வருகிறது. 1859-ல் ஹார்வர்டு நுழைவுத் தேர்வு எழுதி 16 பாடத்தில் 15-ல் தோற்றார். நியூ ஹாம்ப்ஷயரின் எக்ஸிட்டர் பள்ளியில் ஓராண்டு படித்து, 1860-ல் மறுபடி எழுதிச் சேர்ந்தார். மகன் எக்ஸிட்டரில் இருந்ததால்தான் லிங்கன் 1860 பிப்ரவரி 27-ல் நியூயார்க்கின் கூப்பர் யூனியனில் பேசி முடித்த கையோடு நியூ இங்கிலாந்துக்குப் போனார், போகும் ஊரெல்லாம் பேசினார். வேட்பாளர் ஆவதற்கு அந்தச் சுற்று எவ்வளவு உதவியது என்பது வரலாறு படித்தவர்களுக்குத் தெரியும்.

அடுத்த ஆண்டு பதவியேற்கப் போகும் ரயிலில், பதவியேற்பு உரையின் பிரதிகள் இருந்த கைப்பையை லிங்கன் 17 வயது மகனிடம் கொடுத்து வைத்தார். இண்டியானாபொலிஸ் ஹோட்டலில் ராபர்ட் அதை எழுத்தரிடம் கொடுத்துவிட்டு நண்பர்களோடு போய்விட்டார். கேட்டால் எங்கே என்று தெரியவில்லை. ஜனாதிபதியாகப் போகிறவர் மேசைக்குப் பின்னால் புகுந்து பைக் குவியலைத் தானே கிளறித் தேடி எடுத்தார்.

ஜெர்சி சிட்டி நிலையத்தில் நடந்தது பலர் கேள்விப்பட்டதுதான், 1863 அல்லது 1864. தூங்கும் பெட்டிக்கு இடம் வாங்க, பெட்டி வாசலில் நின்ற கண்டக்டரைச் சுற்றி இரவுக் கூட்டம். பிளாட்பாரம் பெட்டியின் தள உயரத்துக்கு இருந்தது. நெரிசலில் ராபர்ட் பெட்டியோடு ஒட்டி நசுங்கி நிற்க, வண்டி நகர்ந்தது. கால்கள் இடைவெளிக்குள் இறங்கின. பின்னாலிருந்து ஒரு கை கோட்டுக் காலரைப் பிடித்துத் தூக்கியது. திரும்பிப் பார்த்தால் நடிகர் எட்வின் பூத். நாடக உலகில் அவரை அறியாதவர் இல்லை, ராபர்ட்டும் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். பிற்பாடு லிங்கனைச் சுட்டுக் கொன்ற ஜான் வில்க்ஸ் பூத், எட்வினின் தம்பிதான்.

சிகாகோவில் இறங்கியதும் நகரின் வடபக்கம் கிரேஸ்லேண்டு கல்லறைத் தோட்டம். நகர ரயிலின் சிவப்பு லைனில் ஷெரிடன் நிறுத்தத்தில் இறங்கி நடந்தால் போதும். தனியாக ஒரு கொரிந்தியத் தூண் நிற்கும் இடம், ரயில்களின் தூங்கும் பெட்டிக் கம்பெனி முதலாளி ஜார்ஜ் புல்மனின் சமாதி. தொழிலாளர் பகை கொண்டிருந்ததால் உடலைத் தோண்டி எடுத்துவிடுவார்கள் என்று குடும்பம் பயந்தது. 1897-ல் பேழையை ஆழக் குழியில் வைத்து, காங்கிரீட் கொட்டி, குறுக்கே எஃகுத் தண்டவாளங்களைப் பிணைத்து, மேலும் காங்கிரீட் கொட்டினார்கள். புல்மன் உயிலை நிறைவேற்றும் பொறுப்பில் இருந்த இருவரில் ஒருவர் ராபர்ட். நான்கு ஆண்டு கழித்து அப்பாவுக்கும் அதே பாதுகாப்பு.

நான்காம் நாள்: படேவியா

இந்தப் பயணத்தில் மனம் கனக்கும் நாள் இது. ஓகில்வி நிலையத்தில் மெட்ராவின் யூனியன் பசிபிக் மேற்கு வண்டி ஏறி ஜெனீவாவில் இறங்க வேண்டும், ஒரு மணிக்குச் சற்று மேல் ஆகும். அங்கிருந்து ஃபாக்ஸ் ஆற்றங்கரையோரம் தெற்கே சுமார் 3 மைல் போனால் படேவியா. சைக்கிள் பாதை உண்டு. மேரி லிங்கன் இருந்த ‘பெல்வியூ பிளேஸ்’ கட்டடம் இன்னும் நிற்கிறது. ஆனால் இப்போது அது குடியிருப்பு, தெருவிலிருந்தே பார்த்துத் திரும்புங்கள். அவர் படுத்த கட்டிலும் அலமாரியும் ஊர் ரயில் நிலைய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அது எல்லா நாளும் திறந்திருக்காது, கிளம்பும் முன் நாளையும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடந்ததை வரிசையாகச் சொல்வது அவசியம். 1875 மார்ச்சில் மேரி ஃபுளோரிடாவில் இருந்தார். சிகாகோவில் மகன் சாகக் கிடக்கிறான் என்று அவருக்கு மனதில் தோன்றிவிட்டது. தந்தி மேல் தந்தி அடித்தார், ஓடி வந்தார். ராபர்ட் நலமாக இருந்தார். ஹோட்டலில் இரவில் மேரியின் நிலை சரியில்லை, யாரோ பின்தொடர்வதாகச் சொன்னார். 50,000 டாலருக்கு மேல் மதிப்புள்ள கடன் பத்திரங்களை உள்ளாடைப் பையில் தைத்து உடம்போடு வைத்துக்கொண்டு கடை கடையாகப் போனார். ராபர்ட் பிங்கர்டன் துப்பறியும் நிறுவனத்து ஆட்களை அமர்த்தி அம்மாவைக் கண்காணித்தார். மருத்துவர்களைக் கூட்டிக் கேட்டார். மே 19 அன்று நீதிமன்றம்.

வீட்டு விஷயத்தைப் பலர் முன்னால் ஏன் ஜூரி எனும் நடுவர் மன்றத்துக்குக் கொண்டு போனார் என்று கேட்பவர்கள் இல்லினாயின் 1867 சட்டத்தை மறந்துவிடுகிறார்கள். கணவன் கையெழுத்துப் போட்டாலே மனைவியை மனநல விடுதிக்கு அனுப்பலாம் என்றிருந்த கொடுமையை எதிர்த்து எலிசபெத் பேக்கர்டு போராடிப் பெற்ற சட்டம் அது. யாரையும் அடைத்து வைக்கும் முன் நடுவர் மன்ற விசாரணை கட்டாயம். பெண்களைக் காக்க வந்த சட்டம்தான் மேரியைத் திறந்த நீதிமன்றத்தில் உட்கார வைத்தது. ஆனாலும் முன்னறிவிப்பே இல்லாமல் அன்றே அழைத்துப் போனார்கள். அவர் தரப்பு வழக்கறிஞர் ஐசக் ஆர்னால்டு குடும்ப நண்பர், எதிர்க் கேள்வி எதுவும் கேட்கவில்லை. ராபர்ட் சாட்சி சொல்லும்போது அழுதார். நடுவர்கள் சில நிமிடங்களில் தீர்ப்புச் சொன்னார்கள். இது நியாயமான விசாரணை இல்லை என்பதே என் முடிவு. மகனின் பயம் உண்மையானது என்பதையும் மறுக்க முடியாது. மூன்று தம்பிகளையும் அப்பாவையும் இழந்தவருக்குப் பிறந்த குடும்பத்தில் மிச்சமிருந்தது அம்மா ஒருவர்தான்.

மேரி சும்மா இருக்கவில்லை. இல்லினாயின் முதல் பெண் வழக்கறிஞராக முயன்று உச்ச நீதிமன்றம் வரை போராடிய மைரா பிராட்வெல்லுக்கு எழுதினார். பத்திரிகைகளில் செய்தி வந்தது. நான்கு மாதம் முடியும் முன், செப்டம்பரில், ஸ்பிரிங்ஃபீல்டில் அக்கா வீட்டுக்குப் போனார். 1876 ஜூனில் மற்றொரு நடுவர் மன்றம் அவருக்குச் சித்தம் தெளிந்துவிட்டதாகச் சொல்லிச் சொத்தை அவர் கையில் கொடுத்தது. காப்பாளராக இருந்த ராபர்ட் ஒப்படைத்த கணக்கில் சொத்து குறையவில்லை, கூடித்தான் இருந்தது. அம்மாவுக்கு அது ஆறுதல் தரவில்லை. தான் கொடுத்த பரிசுகளையெல்லாம் திருப்பி அனுப்பு என்று சில நாளிலேயே கடிதம் எழுதினார், பிரான்சுக்குப் போய்விட்டார். 1881-ல் ராபர்ட் பார்க்க வந்தபிறகு பேச்சு மீண்டும் தொடங்கியது. 1882 ஜூலையில் அதே அக்கா வீட்டில் மேரி இறந்தார்.

ஐந்தாம் நாள்: புல்மன்

மில்லேனியம் நிலையத்திலிருந்து மெட்ரா எலெக்ட்ரிக் வண்டி, 111-ஆம் தெரு நிறுத்தம். இறங்கினால் எதிரே, புல்மன் தன் தொழிலாளர்களுக்கென்று கட்டிய பேட்டையின் மணிக்கூண்டுக் கட்டடம். 1998-ல் ஒருவன் வைத்த தீயில் எரிந்து, மீட்டுக் கட்டப்பட்டு, 2021-ல் பார்வையாளர் மையமாகத் திறந்தது. கட்டணமில்லை. செங்கல் வரிசை வீடுகளில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள், ஜன்னலுக்குள் கேமராவை நீட்ட வேண்டாம்.

1893 பொருளாதார மந்தத்தில் புல்மன் கம்பெனி கூலியைக் குறைத்தது. ஆனால் தொழிலாளர் குடியிருந்த தன் வீடுகளின் வாடகையைக் குறைக்கவில்லை. சம்பளத்திலேயே வாடகை பிடித்ததால் சிலருக்குச் சில்லறைதான் மிஞ்சியது. 1894 மே 11-ல் வேலைநிறுத்தம். நாடு முழுக்க ரயில் நின்றது, மத்திய அரசு படையை அனுப்பியது. அப்போது ராபர்ட் கம்பெனியின் சட்ட ஆலோசகர். 1897-ல் புல்மன் இறந்ததும் பொறுப்பேற்று, 1911 வரை தலைவராக இருந்தார்.

தூங்கும் பெட்டிகளில் பயணிகளுக்குப் பணிவிடை செய்த போர்ட்டர்கள் கறுப்பின ஆண்கள், தொடக்கத்தில் பலர் அடிமையாய்ப் பிறந்து விடுதலை பெற்றவர்கள். பயணிகள் அவர்களைச் சொந்தப் பெயரால் கூப்பிடாமல் முதலாளி பெயரான ‘ஜார்ஜ்’ என்றே கூப்பிட்டார்கள். 1915-ல் தொழில் உறவு ஆணையத்தின் முன் ராபர்ட் சாட்சி சொன்னார். போர்ட்டருக்கு மாதம் 27.50 டாலர், மீதி பயணிகள் தரும் டிப்ஸில். ஷூ பாலிஷ் கூடப் போர்ட்டரே வாங்க வேண்டும். ராபர்ட் அந்த ஏற்பாட்டை நியாயப்படுத்தினார். அடிமைத்தளையை அறுத்த கையெழுத்துக்குச் சொந்தக்காரரின் மகன் அங்கே உட்கார்ந்து அதைச் சொன்னார் என்பதை எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் என்னால் ஏற்க முடியவில்லை. போர்ட்டர்கள் 1925-ல் ஏ. பிலிப் ராண்டால்ஃப் தலைமையில் சங்கம் கட்டி, 1937-ல் கம்பெனியைக் கையெழுத்துப் போட வைத்தார்கள். அவர்களுக்கான அருங்காட்சியகம் இதே பேட்டையில், வடக்கே சிறிது தூரத்தில் இருக்கிறது. அதையும் பார்க்காமல் புல்மனை விட்டுப் போகக் கூடாது.

ஆறாம் நாள்: வெர்மான்ட்டுக்கு

பயணம்தான் முழுநாளும். சிகாகோவிலிருந்து ஆல்பனிக்கு விமானம், அங்கிருந்து வாடகைக் காரில் ஒன்றரை மணி நேரம், மான்செஸ்டர். கார் இல்லாமல் இந்த ஊரில் கஷ்டம். ராபர்ட் முதலில் இங்கே வந்தது உள்நாட்டுப் போர்க் காலக் கோடையில், அம்மாவோடு ஈக்வினாக்ஸ் ஹோட்டலில் தங்க. ஹோட்டல் இன்றும் நடக்கிறது.

ஏழாம் நாள்: ஹில்டீன்

ராபர்ட் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு ஹில்டீன். ஊருக்குத் தெற்கே 7ஏ சாலையில் நுழைவாயில். இங்கே கட்டணம் உண்டு, அரை நாளாவது ஒதுக்குங்கள். வண்டிக் கொட்டகைதான் இப்போது வரவேற்பு இடம். 24 அறை கொண்ட வீட்டை 1903-ல் தொடங்கி 1905-ல் முடித்தார்கள். பாஸ்டனின் ஷெப்ளி, ருட்டன் அண்டு கூலிட்ஜ் வடிவமைத்தது. வெளியே இருந்து பார்த்தால் ஆடம்பரம் அடக்கமாகவே இருக்கிறது.

நுழைந்ததும் ஆர்கன் இசை கேட்கும். 1908-ல் வைத்த ஏயோலியன் ஆர்கன், 1,000 குழாய். குழாய்கள் சுவருக்குப் பின்னால் மறைந்திருக்கின்றன. துளையிட்ட காகிதச் சுருளைப் பொருத்தினால் தானே வாசிக்கும், கையாலும் வாசிக்கலாம். லிங்கனின் உயரத் தொப்பிகளில் மிஞ்சியிருப்பவை மூன்று, அவற்றில் ஒன்று இங்கே. வெளியே ராபர்ட்டின் சிறு வானோக்குக் கூடம். கணிதமும் நட்சத்திரமும்தான் அவருடைய பொழுதுபோக்கு, கோல்ஃபைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தோட்டத்தைப் பார்க்கத் தோட்டத்துக்கு இறங்காதீர்கள், முதலில் மாடி ஜன்னலுக்குப் போங்கள். மகள் ஜெஸ்ஸி 1907-ல் வரைந்த அமைப்பு அது, தேவாலய வண்ணக் கண்ணாடி ஜன்னலைப் போல. கண்ணாடித் துண்டுகளைப் பிரிக்கும் ஈயக் கம்பிக்குப் பதில் வெட்டிவிட்ட குட்டைச் செடி வேலி, கண்ணாடிக்குப் பதில் பூக்கள். தரையில் நின்றால் வெறும் பாத்திதான் தெரியும். பியோனி பூப்பது ஜூனில், கனமழை அடித்தால் கொத்துக் கொத்தாகச் சாய்ந்துவிடும். மழைக்கு முன் போய்விட வேண்டும்.

‘சன்பீம்’ என்ற மரப் புல்மன் பெட்டியை 2011-ல் இங்கே கொண்டு வந்து நிறுத்தினார்கள். மெருகேறிய மரமும் படுக்கையும் ஒரு பக்கம், போர்ட்டர்களின் வாழ்க்கையைச் சொல்லும் காட்சி மறுபக்கம். இந்த வீட்டைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பதை வீட்டை நடத்துபவர்களே மறைக்காமல் வாசலில் வைத்திருப்பது பெரிய காரியம்.

மனைவி மேரி, ஐயோவா செனட்டர் ஜேம்ஸ் ஹார்லனின் மகள். 1868-ல் கல்யாணம். பிள்ளைகள் மூவர்: மேமி, ஜாக், ஜெஸ்ஸி. ஜாக்கின் முழுப் பெயர் ஆபிரகாம் லிங்கன். தாத்தாவின் கையெழுத்தைப் பார்த்து அப்படியே போடப் பழகிய பையன். ராபர்ட் பிரிட்டனுக்கான அமெரிக்கத் தூதராக லண்டனில் இருந்தபோது அவனுக்கு அக்குளில் ராஜபிளவை வந்தது. அறுத்தார்கள், புண் ஆறவில்லை, விஷம் ஏறியது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வர இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது. 1890 மார்ச் 5-ல் இறந்தான், 16 வயது. லிங்கன் என்ற குடும்பப் பெயர் ஆண் வழியில் அங்கே நின்றுவிட்டது.

மேமிக்கு ஒரு மகன், ஜெஸ்ஸிக்கு ஒரு மகள், ஒரு மகன். மகள் பெக்கி பெக்வித் இதே ஹில்டீனில் 1975 வரை வாழ்ந்தார். பண்ணை வைத்தார், விமானம் ஓட்டினார், இந்தப் புல்வெளியிலேயே இறங்கினார். தம்பி ராபர்ட் டாட் லிங்கன் பெக்வித் 1985 டிசம்பர் 24-ல் இறந்தபோது வம்சம் முடிந்தது. பெக்கி வீட்டை ஒரு திருச்சபைக்கு எழுதி வைத்தார். ஊர்க்காரர்கள் நிதி திரட்டி 1978-ல் வாங்கிக் காப்பாற்றினார்கள்.

பெக்கி இறந்த பிறகு பூட்டிய அலமாரி ஒன்றில் ஒரு காகிதக் கட்டு கிடைத்தது. கொள்ளுப்பாட்டி மேரி லிங்கனின் மனநல வழக்குத் தாள்கள். ராபர்ட் அப்பாவின் காகிதங்களைக் கொளுத்தினார் என்று ஒரு கதை நெடுநாள் உலவியது. தனக்கே அவப்பெயர் தரும் கட்டைக் கூட எரிக்காமல் ஐம்பது ஆண்டு பூட்டி வைத்தவர் அவர். அந்தக் கதையை நம்புவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். 1926 ஜூலை 26 காலை, இந்த வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

எட்டாம் நாள்: வாஷிங்டன்

லிங்கன் சுடப்பட்ட ஃபோர்டு அரங்கத்துக்கு நேரம் குறித்த சீட்டு இணையத்தில் முன்கூட்டி எடுங்கள், வசந்தத்தில் அன்றைய சீட்டு கிடைப்பது அரிது. அதே சீட்டில், அவர் உயிர் பிரிந்த எதிரே உள்ள பீட்டர்சன் வீட்டையும் பார்க்கலாம்.

ராபர்ட் போரில் சேர அம்மா விடவில்லை, இரண்டு பிள்ளைகளை ஏற்கெனவே பறிகொடுத்தவர். 1865 ஜனவரியில் லிங்கன் வடக்குப் படைத் தளபதி கிராண்டுக்குத் தயங்கித் தயங்கி ஒரு கடிதம் எழுதினார்: ஜனாதிபதியாக இல்லை, நண்பனாக நினைத்துப் படியுங்கள், உங்களோடு வைத்துக்கொள்ள முடியுமா, செலவை நானே தருகிறேன் என்று. ராபர்ட் கேப்டன் ஆனார். ஏப்ரல் 9-ல் தெற்குப் படைத் தளபதி லீ சரணடைந்தபோது அப்பொமாட்டக்ஸில் இருந்தார். 14-ஆம் தேதி காலை திரும்பி வந்து அப்பாவோடு சிற்றுண்டி சாப்பிட்டார். மாலை நாடகத்துக்கு அழைத்தார்கள், அலுப்பாக இருக்கிறது என்று போகவில்லை. நள்ளிரவுக்கு முன் இந்தப் பின்னறையில் வந்து நின்றார். அப்பாவின் உயரத்துக்குக் கட்டில் போதாமல் குறுக்காகக் கிடத்தியிருந்தார்கள். காலை 7:22-க்கு எல்லாம் முடிந்தது. இங்கே நீங்கள் காணும் கட்டில் நகல்தான், அசல் சிகாகோ வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் தேசியக் கலைக்கூடத்தின் மேற்குக் கட்டடம். பால்டிமோர் அண்டு பொட்டோமாக் ரயில் நிலையம் இருந்த இடம் அது. 1881 ஜூலை 2-ல் ஜனாதிபதி கார்ஃபீல்டு சுடப்பட்டபோது போர்த்துறைச் செயலர் ராபர்ட் சில பத்தடி தூரத்தில் நின்றார். தன் வண்டியை அனுப்பி மருத்துவர் பிளிஸ்ஸை வரவழைத்ததும் அவரே. பிளிஸ் கழுவாத விரலையும் கருவியையும் விட்டுக் குண்டைத் தேடினார். குண்டு கொல்லாததைச் சீழ் கொன்றது. 1901-ல் பஃபலோவில் ஜனாதிபதி மெக்கின்லி சுடப்பட்ட நாளிலும் ராபர்ட் அந்த ஊரில் வந்து இறங்கினார்.

காங்கிரஸ் நூலகம் கடைசி. அப்பாவின் காகிதங்களை 1919-ல் ராபர்ட் இங்கே ஒப்படைத்தார். தான் இறந்து 21 ஆண்டு கழியும் வரை திறக்கக் கூடாது என்று 1923-ல் எழுதியும் கொடுத்தார். 1947 ஜூலை 26 பிறந்த முதல் நிமிடத்தில் அறிஞர்கள் சூழ நிற்கப் பெட்டகத்தைத் திறந்தார்கள். ஏறத்தாழ 18,000 ஆவணங்கள். இன்று எல்லாம் நூலகத்தின் இணையதளத்திலேயே காசில்லாமல் கிடைக்கின்றன. நேரில் மூலத்தைக் காண்பது கடினம், வீட்டிலிருந்தே படிக்கலாம்.

ஒன்பதாம் நாள்: ஆர்லிங்டன்

நீல லைன் மெட்ரோவில் ஆர்லிங்டன் செமெட்ரி நிலையம். 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் அடையாள அட்டை காட்ட வேண்டும், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கூட்டம் முழுவதும் கென்னடி சமாதிக்கு ஏறும். நீங்கள் தேட வேண்டியது பிரிவு 31, எண் 13. ஆர்லிங்டன் மாளிகைக்குக் கீழே சரிவில் இருக்கிறது. கல்லறையின் செல்போன் செயலியில் பெயரைப் போட்டால் வழி காட்டும். மேடு ஏற வேண்டும், கோடையில் தண்ணீர் அவசியம்.

இளஞ்சிவப்புக் கிரானைட்டில் ஒரு கல்பேழை, ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர் செய்தது. ராபர்ட்டின் எண்ணம் ஸ்பிரிங்ஃபீல்டில் அப்பா பக்கத்தில் படுப்பதுதான். மனைவி மாற்றினார். என் கணவர் தன் வாழ்க்கையைத் தானே உண்டாக்கியவர், அவருக்கென்று வெயிலில் ஓர் இடம் வேண்டும் என்று எழுதினார். 1928-ல் வெர்மான்ட்டிலிருந்து உடல் இங்கே வந்தது. ராணுவத்தில் கேப்டனாக இருந்ததாலும் போர்த்துறைச் செயலராக இருந்ததாலும் இடம் கேட்கும் உரிமை இருந்தது.

இந்த மண்ணோடு அவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு, அதைச் சுற்றுலா வண்டியில் சொல்ல மாட்டார்கள். ஆர்லிங்டன் லீ குடும்பத்தின் நிலம். போர்க் காலத்தில், வரியை நேரில் வந்து கட்டவில்லை என்ற காரணம் காட்டி அரசு எடுத்துக்கொண்டது. அது முறையல்ல என்று 1882-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்போது இங்கே ஆயிரக்கணக்கான வீரர்கள் புதைந்திருந்தார்கள், தோண்டி எடுக்க முடியாது. ஆகவே காங்கிரஸ் 150,000 டாலர் கொடுத்து நிலத்தை முறைப்படி வாங்கியது. 1883-ல் தளபதி ராபர்ட் ஈ. லீயின் மூத்த மகன் கஸ்டிஸ் லீ கிரயப் பத்திரத்தில் கையெழுத்திட்டார். அரசு தரப்பில் அதைப் பெற்றுக்கொண்ட போர்த்துறைச் செயலர் ராபர்ட் லிங்கன்.

கல்லில் மூன்று பேர் பெயர் இருக்கும். மூன்றாவது பெயர் ஆபிரகாம் லிங்கன் என்றிருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புவார்கள். அது ஜாக். லண்டனிலிருந்து கொண்டு வந்து ஸ்பிரிங்ஃபீல்டில் தாத்தாவோடு நாற்பது ஆண்டு வைத்திருந்தவனை அம்மா 1930-ல் இங்கே அப்பாவிடம் கொண்டு வந்தார். 1937-ல் அவரும் வந்து சேர்ந்தார். வாசலை மாலை 5 மணிக்கு மூடுகிறார்கள், இறங்க இருபது நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.